தூங்க வைத்த பொத்தான்கள்

"அத்தான், கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறீங்க."

"தூங்கல மாப்ளே. கண்ணுக்கு ஓய்வு கொடுக்குறேன்."

"அப்போ குறட்டை யாருக்கு ஓய்வு கொடுக்குது?"

சலவைக்கூடத்தின் வாசலில் வண்டி நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. இறங்க மனமில்லாமல் அகராதி ஒரு காலை மட்டும் வெளியே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. துப்பறிய வருவதற்கு முன்னால் ஓர் அச்சகத்தில் அகராதிக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அங்கே மூளையில் ஏறிய சொற்கள் பிறகு இறங்கவே இல்லை. யார் எதைப் பேசினாலும் அந்தச் சொல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. அதனால் அகராதி. 'அகராதி பிடித்த மனுஷன்' என்று அவர் மனைவி சொல்வது வேறு கணக்கு. வண்டி ஓட்டுகிறவர் அவளுடைய தம்பி. வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி அத்தானோடு சேர்ந்தார். காதோரம் நரைத்தும் அந்த வேறு வேலை இன்னும் வந்தபாடில்லை.

மருந்துக்கடைக்காரரின் காணாமல்போன மாமனாரைத் தேடி, பேருந்து நிலையத்து பெஞ்சிலேயே கிடந்து, காலையில்தான் இருவரும் திரும்பியிருந்தார்கள். அகராதிக்குக் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. நீங்களும் நாளெல்லாம் நின்றுவிட்டுத்தான் இதைக் கையில் எடுத்திருப்பீர்கள். கொஞ்சம் காலை நீட்டிக்கொள்ளுங்கள். அவருக்கு அந்தக் கொடுப்பினை இன்னும் சற்று நேரத்துக்கு இல்லை.

வாசல் கவுண்டரில் இருந்த பெண் அவர்களுடைய ஈரக் குடையை வாங்கிக்கொண்டு உள்ளே கைகாட்டினாள்.

முதலாளியம்மாவின் மேசையில் கருநீலக் கோட்டு ஒன்று கிடந்தது. முன்பக்கம் நெடுக, பொத்தான் இருக்க வேண்டிய இடங்களில் வெட்டிய நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஓய்வு பெற்ற கப்பல் கேப்டனோடது. பொண்ணு கல்யாணத்துக்குப் போட்டுக்கணும்னு கொடுத்தார். எல்லாம் வெள்ளிப் பொத்தான், நங்கூரம் போட்டது. சாயந்தரம் வாங்க வர்றார்." முதலாளியம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இஸ்திரி மேசையை விட்டுப் போகும்போது பொத்தான் இருந்துச்சுன்னு இஸ்திரிக்காரி சொல்றா. கீழ வரும்போதே இல்லைன்னு கவுண்டர்ப் பொண்ணு சொல்றா. காலையிலேருந்து இதே தகராறு."

"தகராறுன்னாலே அதுதாங்க," என்றார் அகராதி, நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தபடி. "அரபியில, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றதுன்னு அர்த்தம்."

"அப்போ எங்க அக்கா வீட்டுல பேசுறது சுத்தமான அரபி," என்றார் மச்சினன்.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. தட்டச்சு செய்த காகிதம் ஒன்றை நகர்த்தி வைத்தார். "இஸ்திரிக்காரி இங்க வந்து ரொம்பக் காலம். போலீஸுன்னு இழுக்க எனக்கே மனசு வரல. இந்த ராஜினாமாவுல கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். கேப்டன்கிட்ட நான் எதையாவது சொல்லிக்கிறேன். போடலைன்னா போலீஸ்தான். நீங்க பக்குவமாப் பேசி வாங்கிக் கொடுங்க."

"ராஜினாமாங்கிறது பாரசீகம். ராஜியாகி, அதாவது சம்மதிச்சு எழுதிக் கொடுக்குற பத்திரம். சம்மதம் இல்லாம வாங்கினா…"

"சார், எனக்குப் பாடம் வேண்டாம். பொத்தான் வேணும்."

"பொத்தான் போர்ச்சுகீசியம்," என்றார் மச்சினன் தாழ்ந்த குரலில். "அவர் சொல்றதுக்குள்ள நானே சொல்லிட்டேன். எல்லாருக்கும் நேரம் மிச்சம்."

"எங்கெல்லாம் தேடினீங்க?" என்று கேட்டார் அகராதி.

"கோட்டுப் பைக்குள்ள, அவ பைக்குள்ள, மெஷின் சல்லடையில, குப்பையில. எங்கேயும் இல்ல. கோட்டை அப்புறம் யாரையும் தொட விடல."

மாடியில் நீராவி கண்ணை மறைத்தது. வெள்ளைப் படுக்கை விரிப்புகள் மலைமலையாகத் தள்ளுவண்டிகளில் நின்றன. சுவரோர மேசையில் இஸ்திரியக்கா தலையணை உறை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திருட்டுப் பட்டம் கட்டிய பிறகும் கை நிற்கவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயந்தவளைப் போல அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

"கையெழுத்து வாங்க வந்திருக்கீங்களா?"

"உட்கார வந்திருக்கேன்ம்மா. அந்த முக்காலியை எடுத்துக்கலாமா?"

அவள் அவருடைய காலைப் பார்த்தாள். முக்காலியைக் காலாலேயே தள்ளிவிட்டாள். "போட மாட்டேன் சார். போட்டா, ஆமா எடுத்தேன்னு நானே சொன்ன மாதிரி. கடைசிக் காலத்துல மருமகன் வீட்டு வாசல்ல போய் நிக்கப் போறவ நான். எந்த முகத்தோட நிக்கிறது?"

"பொத்தானை வெட்டத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்னு கீழ சொல்றாங்க."

"தெரியும். கையால தேய்ச்ச காலத்துல நீராவி பட்டா வெள்ளி கறுத்துடும்னு வெட்டி எடுத்துட்டுத்தான் தேய்ப்போம். இப்போ பொத்தான் மேல மூடியைப் போட்டு மெஷின்ல அமுக்கிடறோம். வெட்டுறதே இல்ல." பெருமூச்சு விட்டாள். "பழைய மாதிரி தூங்க வச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

"எதைத் தூங்க வச்சிருந்தா?"

"பொத்தானைத்தான். பத்திரமா எடுத்து வைக்கிறதுக்கு எங்களுக்குள்ள அப்படி ஒரு பேச்சு. சோத்து டப்பாவைத் தூங்க வச்சியா, செருப்பைத் தூங்க வச்சியான்னு கேப்போம். எதுக்கும் அதே பேச்சுதான்."

"அக்கா, எங்க அத்தானையும் எங்கயாச்சும் தூங்க வையுங்க, புண்ணியமாப் போகும்," என்றார் மச்சினன். காலையிலிருந்து முதல் தடவையாக இஸ்திரியக்காவின் உதடு கொஞ்சம் அசைந்தது.

"இப்பவும் எல்லாரும் அப்படிச் சொல்றாங்களா?"

"எங்க? மெஷின் வந்தப்புறம் பழைய ஆளுங்க ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. இப்ப நான் ஒருத்திதான் சொல்லிட்டுத் திரியறேன். புதுசா வந்ததுங்க என்னைப் பார்த்துச் சிரிக்கும். முதலாளியம்மாவுக்கே இது தெரியாது. முதலாளிங்க காதுல விழற மாதிரி இதைப் பேசவே மாட்டோம்."

"அது ஏன்?"

அவள் அடுத்த உறையை எடுத்து விரித்தாள். இஸ்திரிப்பெட்டி உஸ்ஸென்றது.

கீழே கவுண்டரில் அந்தப் பெண் துணிகளுக்கு அடையாளச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வேறு ஊரிலிருந்து வந்து சில மாதம்தான் ஆகிறது. வேகமான கை. முகம் மட்டும் ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். அகராதி அதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இஸ்திரியக்கா எப்படிம்மா? நல்ல மாதிரியா?"

"எனக்குத் தெரியாது சார். நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. மாடிக்குப் போற வேலையே எனக்கு இல்ல. துணி இந்தப் பெட்டி லிஃப்ட்டுல தானா இறங்கும். எடுத்து உறை போட்டு மாட்டுவேன், அவ்வளவுதான்."

"இங்க வேற யாரையாவது முன்னாடியே தெரியுமா?"

"யாரையும் தெரியாது."

மச்சினன் இடைமறித்தார். "சரிம்மா, எங்க குடை எங்க? அதையும் யாராவது வெட்டிக் கம்பியை மட்டும் கொடுத்துடப் போறாங்க."

"உள்ளதான் சார், அந்த அலமாரிக்குப் பின்னாடி தூங்க வச்சிருக்கேன். போகும்போது எடுத்துத் தர்றேன்."

அகராதியின் கண் அப்போதுதான் முழுதாகத் திறந்தது.

மச்சினனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வாசல் படிக்கு வந்தார். மழை விட்டிருந்தது.

"கேட்டியா?"

"கேட்டேன். அதனால என்ன அத்தான்? இது காதுல விழுந்திருக்கும், ஒட்டியிருக்கும்."

"யார் வாயிலேருந்து? மாடியில சொல்றவ ஒருத்திதான். அவகிட்ட இவ பேசினதில்ல. மத்தவங்க யாரும் சொல்றதில்ல." அகராதி படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "சாவின்னு சொல்றோம், ஜன்னல்னு சொல்றோம், அலமாரி, மேஜை, பொத்தான். இஸ்திரின்னு சொல்றோமே, அதுகூட. எல்லாம் போர்ச்சுகீசியர் கப்பல்ல வந்த சொல்லு. ஒண்ணாவது தானா நீந்தி வந்துச்சா?"

"நீச்சல் தெரிஞ்சா வந்திருக்கும்."

"சொல்லுக்குக் கால் கிடையாது மாப்ளே. எங்கேயாவது ஒரு சொல் இருக்குன்னா, அதை ஒரு மனுஷன் வாயில வச்சுச் சுமந்துக்கிட்டு அங்க வந்திருக்கான். இந்தச் சொல்லு பொறந்தது இந்தக் கட்டடத்துல. செத்துக்கிட்டு இருக்கறதும் இந்தக் கட்டடத்துல. வேற ஊர்லேருந்து வந்த பொண்ணு இதை யோசிக்காம, சாதாரணமா, நம்ம குடைக்குச் சொல்றா. யார் கொண்டுபோய் அவகிட்ட கொடுத்தது?"

மச்சினன் தாடையைச் சொறிந்தார். "அப்போ இங்கேருந்து போன பழைய ஆளு யாரோ."

"இவ்வளவு காலம் கூடச் சுத்தினதுக்கு இன்னைக்குத்தான் ஒரு பலன்."

"பலன் எனக்குத்தான் அத்தான். காலைப் புடிச்சு விடுற வேலை மிச்சம்னு நினைச்சேன், திரும்ப மாடி ஏறப் போறீங்க."

திரும்ப மாடி ஏறினார்கள். ஒவ்வொரு படிக்கும் அகராதி ஒரு முனகல் முனகினார்.

"இங்கேருந்து போனவங்க யாரெல்லாம்?" என்று கேட்டதும் இஸ்திரியக்கா விரல் விட்டு எண்ணினாள். பாய்லர்க்காரர் செத்துப்போனார். துணி மடிக்கிறவள் மகனோடு வெளிநாட்டில். அப்புறம் தையல் மாஸ்டர்.

அந்தப் பேரைச் சொன்னதும் கை நின்றது.

"அவரும் இதே மாதிரி ஒரு பொத்தானுக்குத்தான் சார் போனாரு. எங்க போச்சுன்னு அவரால பதில் சொல்ல முடியல. அப்பவும் ஒரு காகிதம் நீட்டினாங்க. அவர் வாயில்லாப் பூச்சி. போட்டுட்டாரு. திரும்பிக்கூடப் பார்க்காம போனாரு."

"பிள்ளைங்க உண்டா?"

"ஒரு பொம்பளைப் புள்ள. பெத்தவுடனே தாயை முழுங்கிட்டு நின்ன புள்ள." அவள் கண்ணைத் துடைத்தாள். நீராவிதான் காரணம் என்பதுபோல. "இப்ப எங்க இருக்கோ."

கவுண்டருக்குப் போகும்போது மச்சினன், கேப்டன் வருகிற நேரம் நெருங்கிவிட்டது என்று வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டே வந்தார். முதலாளியம்மாவின் அறைக் கதவுக் கண்ணாடி வழியே, மேசையில் பேனாவும் காகிதமும் தயாராக இருப்பது தெரிந்தது.

அகராதி கவுண்டர் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். நிற்க வேறு வழியில்லை.

"ஏம்மா, குடையைத் தூங்க வச்சிருக்கேன்னியே. அந்தப் பேச்சை எங்க கத்துக்கிட்ட?"

அவள் புரியாமல் பார்த்தாள். "கத்துக்கிட்டதா? எல்லாரும் சொல்றதுதானே சார்?"

"எல்லாரும்னா?"

"ஊர்ல எல்லாரும். எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம். பாலைத் தூங்க வச்சியா, குடத்தைத் தூங்க வச்சியான்னு…"

"நான் சொல்லோடவே குடும்பம் நடத்தினவன்ம்மா. எந்த ஊர்லயும் இதை நான் கேட்டதில்ல. இந்த மாடியைத் தவிர."

குத்திக்கொண்டிருந்த ஊசி அவள் கையிலேயே நின்றது. நம்மில் யாருக்குத்தான் தெரியும், நம் வீட்டுப் பேச்சில் எது ஊருக்கெல்லாம் பொது, எது நமக்கு மட்டும் சொந்தம் என்று? பிறந்ததிலிருந்து கேட்டதை உலகமே பேசுவதாகத்தான் நினைப்போம். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பேரை மறைத்தாள், ஊரை மறைத்தாள். அப்பாவின் வாயை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்பா எப்படியிருக்கார்?" என்றார் அகராதி மெதுவாக.

"போன வருஷம் போயிட்டாரு."

அவள் ஊசியைக் கவுண்டர்மேல் வைத்தாள்.

"அவர் எடுக்கல சார். சாகுறவரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருந்தாரு. இந்தம்மா ஒருநாளாவது, கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல முடியாம நிக்கட்டும்னு நினைச்சேன். அந்தக் கேப்டன் முன்னாடி கொஞ்ச நேரம். அவ்வளவுதான். பழியை மாடியில ஒருத்தங்க மேல போடுவாங்கன்னு நான் யோசிக்கல. போட்டப்புறம் வாயைத் திறக்கப் பயம். நேத்து அதை வெட்டினதுலேருந்து ஒரு வாய் சோறு இறங்கல."

"பொத்தான் எங்க?"

"அப்பா சொல்லிக் கொடுத்த இடத்துலதான். திருடணும்னா வெளிய கொண்டுபோயிருக்க மாட்டேனா?"

"அதை நீயே வந்து சொல்றியா, நான் சொல்லவா? ரெண்டும் ஒண்ணு இல்ல."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள்.

அறையில் இஸ்திரியக்காவைக் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தார்கள். பேனா அவள் கையில் திணிக்கப்பட்டிருந்தது. அவள் அதைச் சூடான பாத்திரம்போல விரல் நுனியில் பிடித்திருந்தாள்.

"அம்மா, அவங்க கையெழுத்துப் போட வேண்டாம்," என்றாள் கவுண்டர்ப் பெண். "கோட்டோட இடது தோளைப் பிரிச்சுப் பாருங்க."

மச்சினன் கோட்டைப் புரட்டினார். உள்பக்கம், கை சேர்கிற இடத்தில், லைனிங் துணி விரல்நீளத்துக்குப் பிரிக்கப்பட்டு, சும்மா தொட்டாலே அவிழ்கிற தளர்ந்த தையலால் மூடியிருந்தது. நூலை இழுத்தார். தோள் பஞ்சுக்குள்ளிருந்து, ஒரே நூலில் கோத்த வெள்ளிப் பொத்தான்கள் மேசைமேல் கலகலவென்று விழுந்தன.

"அடக் கஷ்டமே. காலையிலேருந்து எல்லாரும் கோட்டுப் பையோட நிறுத்திட்டீங்களா?" என்றார் அவர்.

முதலாளியம்மா எழுந்தார். "யார் வேலை இது?"

இஸ்திரியக்கா அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, "நான்தாம்மா," என்றாள். "பழைய பழக்கம். கை தானாச் செஞ்சிருக்கும். வயசாச்சு, மறந்துட்டேன்."

"பொய்," என்றாள் கவுண்டர்ப் பெண். "என்னைத் தெரியாது உங்களுக்கு. ஏன் எனக்காகப் பொய் சொல்றீங்க? அம்மா, நான்தான் செஞ்சேன். நான் தையல் மாஸ்டர் பொண்ணு."

"தெரியும்டி," என்றாள் இஸ்திரியக்கா. "அந்தத் தையலைப் பார்த்தவுடனே தெரிஞ்சு போச்சு. இப்படி இடமிருந்து வலமாத் தைக்கிறது உங்கப்பன் கை ஒண்ணுதான்."

"அந்தப் பேச்சைக்கூட எங்கப்பா உண்டாக்கினதுதான். தூங்க வைக்கிறதுன்னு…"

"உங்கப்பனா? அவன் எங்க உண்டாக்கினான்? அது என் வாயிலேருந்து வந்தது." பேனா கீழே விழுந்தது. "உங்கம்மா போனப்புறம் உன்னைப் பார்த்துக்க ஆள் இல்ல. துணியில சுத்தி வேலைக்குத் தூக்கிட்டு வந்துட்டான். முதலாளிக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வெளிய போகணும். விரிப்புத் தள்ளுவண்டியில, சூடா மடிச்ச துணிக்கு நடுவுல உன்னைப் படுக்க வச்சுடுவோம். முதலாளி மாடி ஏறுற சத்தம் கேட்டா பாய்லர்க்காரர் கீழேருந்து கேப்பாரு, பத்திரமான்னு. நான் சொல்லுவேன், தூங்க வச்சாச்சுன்னு. நீ நடக்க ஆரம்பிச்சப்புறமும் அந்தப் பேச்சு மட்டும் விட்டுப் போகல. அப்புறம்தான் பொத்தான், டப்பா, செருப்பு எல்லாம். முதல்ல இங்க தூங்க வச்சது உன்னைத்தான்."

அகராதி சுவரோர நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். ஒரு சொல்லின் பிறப்பை நேரில் கேட்பது அவருக்கும் அதுதான் முதல் தடவை.

முதலாளியம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். திரும்பியபடியே பேசினார்.

"ஒருநாள் சத்தம் கேட்டுச்சு. நான் அப்போ கல்யாணமாகி வந்த புதுசு. என்ன சத்தம்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். பூனை குட்டி போட்டிருக்குன்னு சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினார். "தள்ளுவண்டியில எட்டிப் பார்த்துட்டுத்தான் சொன்னேன். அப்புறமும் ரெண்டு மூணு தடவை அந்தப் பூனை குட்டி போட்டுச்சு."

இஸ்திரியக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"உங்கப்பாவுக்குக் காகிதம் நீட்டினது எங்க வீட்டுக்காரர், பேனாவைக் கொடுத்தது நான். அன்னைக்கு எனக்கு வாய் வரல." அவர் திரும்பினார். முகம் ஒரே நாளில் பத்து வயது கூடியதுபோல இருந்தது. "இன்னைக்கும் அதே பேனாவைத்தான் எடுத்திருக்கேன்."

ராஜினாமாக் காகிதத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஆறிப்போன தேநீர் டம்ளரை வைத்தார். வட்டமாகக் கறை படிந்தது. அதைத் துடைக்க அவர் முயலவில்லை.

"கேப்டன் வந்துடுவார். ரெண்டு பேரும் உட்கார்ந்து பொத்தானைத் தைங்க. நீ இவகிட்ட தனியா மன்னிப்புக் கேக்கணும், அது உன் பாடு. நாளைக்கு வேலைக்கு வர்றதும் வராததும் உன் இஷ்டம். நான் காகிதம் நீட்ட மாட்டேன்."

கவுண்டர்ப் பெண் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். நூல் காதில் நுழையவில்லை. இஸ்திரியக்கா ஊசியைப் பிடுங்கி, ஒரே தடவையில் கோத்து, ஒன்றும் சொல்லாமல் திரும்ப அவள் கையிலேயே கொடுத்தாள். இரண்டு தலைகளும் அந்தக் கருநீலக் கோட்டின்மேல் குனிந்தன.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

"சார்," என்று முதலாளியம்மா நாற்காலிப் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படி நன்றி…"

அகராதியின் தலை தோளில் சாய்ந்திருந்தது. செருப்பு ஒன்று காலிலும் ஒன்று தரையிலும் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எந்த மொழியிலிருந்தும் வராத ஒரு சத்தம் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது.

மச்சினன் மாடியேறி அந்த முக்காலியையும், தள்ளுவண்டியிலிருந்து மடித்த விரிப்பு ஒன்றையும் எடுத்து வந்தார். சூடு இன்னும் ஆறவில்லை. அத்தானின் காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்து, கழுத்துவரை போர்த்திவிட்டார்.

"சத்தம் போடாதீங்கம்மா," என்றார். "தூங்க வச்சாச்சு."